அத்தையின் ஒரு வாய்த் தண்ணீர்

நிக்டி,
26-9-2004, ஞாயிறு

சௌபாக்கியவதி ஸ்ரீலக்ஷ்மிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அனிருத்தும் சுகம்தான் என்று உன் பதில் வந்தால் எனக்கு நிம்மதி. உன் அத்தையும் சுகம் என்று அடுத்த வரி எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, இன்றைக்கும் பேனா அங்கேயே போயிற்று, பிடித்து நிறுத்தினேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அத்தை எப்படி என்று கேட்டபோது நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேனே, அது பொய். நன்றாக இல்லை. இப்போது தேவலை, பயப்படாமல் முழுக்கப் படி. ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வாய். போனில் சொன்னால் நடுவில் நீ ஐயோ அம்மா என்று அழ ஆரம்பிப்பாய், உன்னைச் சமாதானம் செய்கிற சாக்கில் நான் என் தப்பை எல்லாம் மழுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். காகிதத்தில் அந்த வசதி இல்லை. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். புரியாத இடத்தில் மாப்பிள்ளையைக் கேட்காதே, அவர் உன்னைவிட மோசம். கீழே கணபதி பந்தலில் டோல், தாஷா மேளங்கள் காதைப் பிளக்கின்றன, நாளைக்குப் பிள்ளையாரைக் கரைக்கிற விசர்ஜனம் என்றால் வீதியில் கால் வைக்க முடியாது, அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தையை சிஞ்ச்வட் முதியோர் ஹோமில் கொண்டுபோய் விட்டுப் பத்து மாதம் ஆகிறது. அன்றைக்கு நீ என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது உன் பாத்தியதை. நான் பாங்குக்குப் போய்விட்டு ஏழு மணி லோக்கல் ரயிலில் திரும்புகிறவரை உனக்கு அம்மா அவள்தான். ஆனால் அப்பாவுக்கு பைபாஸ் ஆன உடம்பு, எனக்கு முழங்கால், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, அவள் ஒரே மாதத்தில் நான்கு தடவை விழுந்தாள், என்ன செய்வது சொல். நடுக்கவாதம் என்றால் கை நடுங்கும், கால் இழுக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். அது தொண்டைக்கும் வரும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? ஒரு நாளைக்கு நான்கு வேளை மாத்திரை. மாத்திரை உள்ளே போய் அரை மணியில் உன் அத்தை உன் அத்தையாக இருப்பாள், கையை நீட்டுவாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வேளை தவறினால் மரக்கட்டைதான், தொண்டையும் சேர்ந்து கட்டையாகிவிடும். மாத்திரை போனால்தான் தொண்டை வேலை செய்யும், தொண்டை வேலை செய்தால்தான் மாத்திரை போகும். இந்தச் சிக்கலில்தான் நான் புத்திசாலித்தனமாகக் கையை விட்டேன்.

ஹோமில் மாத்திரை நேரத்தை நீ ஒருதரம் பார்க்க வேண்டும். பதினெட்டுப் பேர், அதில் பத்துப் பேருக்காவது விழுங்குவதில் தகராறு. ஒரு பார்சிக்காரப் பாட்டி ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், அது கரைந்து நாக்கெல்லாம் கசந்து கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் இறங்கவில்லை. ரயில்வேயில் இருந்த ஜம்பு மாமா மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நர்ஸிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு, நேராகப் போய் வாசல் துளசித் தொட்டியில் துப்பிவிட்டு வருகிறார். அந்தத் துளசிக்கு ஜன்மத்துக்கும் ரத்தக் கொதிப்பு வராது என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. தொண்டையில மாட்டிண்டா மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கும்மா, வெளியில சொல்ல வெட்கமா இருக்கு என்றார். நாற்பது வருஷம் ரயில் ஓட்டியவர். நாம் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை எச்சில் விழுங்குகிறோம், அது ஒரு வேலை என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? அவர்களுக்கு அதுதான் நாள் முழுக்க வேலை.

அத்தை தண்ணீர் குடிக்கிற விதம் உனக்கு மறந்திருக்காது. காம்ப்பில் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள், ஒருநாள் ஒருத்தர் டம்ளரில் வாய் வைத்தது கிடையாது. வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் போகும். தலையை நன்றாக அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடிப்பாள். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் காப்பியை உதட்டில் வைத்துக் குடித்ததைப் பார்த்துவிட்டு, நம்மாத்துல கடிச்சுக் குடிக்கிற வழக்கம் இல்லே விசாலம், தூக்கிக் குடி என்றாள். மேலெல்லாம் கொட்டிக்கொண்டு கற்றுக்கொண்டேன். நீயும் மூன்று வயதில் அப்படித்தான் கற்றுக்கொண்டாய், புடவைத் தலைப்பால் உன் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அவளே சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது பவுன் விஷயத்துக்கு வருகிறேன். பவுன் யார் என்று உனக்குத் தெரியும், நீ பார்த்ததில்லையே தவிர அவளைப் பற்றி ஹோமுக்கு மெயில் எழுதியிருக்கிறாய். தேஹுரோடில் பிறந்து வளர்ந்தவள், அவள் அப்பா சேலத்துப் பக்கத்திலிருந்து அங்கே ராணுவ டெப்போவில் கூலி வேலைக்கு வந்தவராம். ஹோமில் தமிழ் பேசுகிற ஒரே ஆயா அவள்தான் என்பதால் அத்தை அறையில் போட்டிருந்தார்கள். ஜூன் கடைசியில் ஒருநாள் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். பவுன் ஒரு கையை அத்தை பிடரியில் வைத்துத் தலையைக் குனிய வைத்திருந்தாள், இன்னொரு கையால் டம்ளரை உதட்டோடு அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி கழுத்தை அமுக்குகிறாயா, எச்சில் பண்ணிக் குடிக்க வைக்கிறாயா, அவர்கள் எப்படிப்பட்ட ஆசாரம் தெரியுமா என்று கூடம் அதிரக் கத்தினேன். அவள் பயப்படவில்லை. தல நிமிந்தா தண்ணி தப்பான வழியில போயிடுதும்மா, குனிஞ்சாத்தான் நல்லா எறங்குது என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம், இன்னொன்றும் சொன்னாள், நீங்க வந்துட்டுப் போற அன்னைக்குத்தாம்மா இவங்களுக்கு இருமலு ஜாஸ்தி என்று. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த மராட்டியும் ஹிந்தியும் கலந்து மேட்ரனிடம் போய் ஆடித் தீர்த்தேன். உனக்கும் போன் செய்து, கழுத்தைப் பிடித்து அமுக்குகிறாள் என்று சொன்னேன். நான் சொன்னதில் வார்த்தை பொய் இல்லை, ஆனால் சொன்ன விதம் முழுப் பொய். நீ அன்றைக்கே மெயில் எழுதினாய். பவுனைப் பின்கட்டில் துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரையும் நம்பவில்லை, நானே தினம் போனேன். காலை பதினொரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும், சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஏழு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு, மடியில் அவளுடைய பழைய கூஜாவோடு. அவள் தலையை அண்ணாந்து வாயைத் திறப்பாள். முன்பு மாதிரி கை நிற்காது, அதனால் நான் மாத்திரையை நாக்கில் போட்டு மேலிருந்து தண்ணீர் விடுவேன். சாயங்கால மாத்திரை கொஞ்சம் பெரிது, அதை வீட்டிலிருந்து எடுத்துப் போன சின்னக் கல்வத்தில் இழைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பேன், மூலிகை சூரணம் மாதிரி. யாரைக் கேட்டாய் என்று கேள், யாரையும் கேட்கவில்லை. புரை ஏறும். உச்சந்தலையில் தட்டி, ஸ்ரீலக்ஷ்மி நினைச்சுக்கறா அக்கா, அவளைத் தவிர யார் இருக்கா என்பேன். அவள் முகத்தில் அசைவு வராது, ஆனாலும் கண் மலரும். தினம் இரண்டு வேளை நீ நினைத்துக்கொண்டாய். இதையும் எழுதத்தான் வேண்டும், நமக்கு வேண்டியவர்கள் நினைக்கிறார்கள் என்று நான் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் தண்ணீர் அவள் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஜுரம் வந்தது, மழைக்கால ஜுரம் என்றோம். இந்த மாதம் எட்டாம் தேதி மறுபடி வந்தது, மூச்சு இரைத்தது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்ப் படம் எடுத்ததில் நெஞ்சில் வலது பக்கம் முழுக்க வெள்ளை. டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார், சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்குகிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு மருந்தும் ஆகாரமும் அதிலேயே கொடுத்துவிடலாம், இனிமேல் வாயால் ஒன்றும் வேண்டாம் என்று. அவர் மேல் குற்றம் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தது அந்தப் படம் மட்டும்தான். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தையிடம் நான்தான் சொன்னேன். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கிற அந்தக் குரலில், மூக்கால சாப்பிட்டுண்டு நான் இருக்கணுமா விசாலம், வேண்டாம்னு என் தம்பிகிட்ட சொல்லேன் என்றாள். ஸ்ரீ, எனக்கும் அவளுக்கும் நடந்த சண்டைகளை நீ பார்த்திருக்கிறாய். என்னை அதிகாரம் பண்ணித்தான் கேட்டிருக்கிறாளே தவிர, எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. வெளியே வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

குழாய் போடுவதற்கு முன்னால் விழுங்குவது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள், பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை. நஸ்ரின் என்று பெயர், உன்னைவிடச் சின்னவள். பேச்சு வராதவர்களுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற படிப்பாம், அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் கொடுக்கிற மாதிரியே கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் ஆன்ட்டி, நான் பார்க்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னாள். நான் பெருமையாகக் கூஜாவைத் திறந்து, அத்தை தலையை அண்ணாத்தி, மேலிருந்து இரண்டு ஸ்பூன் அளவுதான் விட்டேன். இருமல் பிடித்துக்கொண்டது. நஸ்ரின் அவள் முதுகைத் தாங்கி முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடங்கிய பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆன்ட்டி, நீங்கள் தலையை நன்றாக மேலே தூக்கிக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள் என்றாள். முட்டியது. மோவாயை நெஞ்சில் படுகிற மாதிரி குனிந்து விழுங்குங்கள் என்றாள். சுலபமாக இறங்கியது. நீயும் இப்போதே செய்து பார், புரியும். நல்ல தொண்டைக்கு எப்படி இருந்தாலும் சரி, நோயாளித் தொண்டைக்குத் தலையை நிமிர்த்தினால் மூச்சு வழி திறந்துகொள்கிறது, தண்ணீர் நேராக அங்கே ஓடுகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். தேனில் குழைத்த மாத்திரைக் கதையையும் சொன்னேன். அது வயிற்றில் மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையாம், இழைத்தால் மருந்து முழுக்க ஒரேயடியாக இறங்கிவிடுமாம். சாயங்காலமானால் அத்தை கண் செருகிக் கிடந்தது அதனால்தான். பிறகு அந்தப் பெண் ஹோமில் தினமும் எழுதிவைக்கிற நோட்டைப் புரட்டினாள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பெரிதாக இருமலே இல்லையே, யாரோ சரியாகக் கொடுத்திருக்கிறார்கள், யார் அது என்று கேட்டாள். நான் கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அத்தை கட்டிலிலிருந்து, பவுன் என்றாள்.

நஸ்ரின் டாக்டரிடம் பேசி ஐந்து நாள் வாங்கினாள். அதுவரை குளுகோஸ் ஏறட்டும், மாத்திரையை மசித்த வாழைப்பழத்தில் முழுசாக வைத்துக் கொடுத்து, மோவாயைக் குனிய வைத்து, டம்ளரை உதட்டில் வைத்து வாய் வாயாகக் குடிக்க வையுங்கள், அது முடிந்தால் குழாய் வேண்டாம், முடியாவிட்டால் புதன்கிழமை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள். சனிக்கிழமை அத்தையை ஹோமுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். நான் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். பவுன் படுக்கை விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுதுதான் பவுன், நீ சொன்னதைக் கேட்டிருக்கணும், மன்னிச்சுக்கோ என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. மொத பத்து நாளு எங்கிட்டயும் அவங்க வாயத் தொறக்கலம்மா, என் கையால எப்படிக் குடிப்பாங்கன்னு எனக்கும் தெரியாதா, தெனம் அந்த டம்ளர அவங்க கண்ணு முன்னாலயே புளி போட்டுத் தேச்சுக் காட்டுவேன், இத வேற யாரும் தொடல, உங்களுக்கு மட்டுந்தான்னு சொல்லுவேன், அப்புறந்தான் குடிச்சாங்க என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள். மூன்று மாதம் தினம் புளி போட்டுத் தேய்த்தவளைத்தான் நான் துணி துவைக்க அனுப்பியிருக்கிறேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாக மிச்சத்தை மடித்தோம்.

மேட்ரன் முதலில் ஐந்து நாளைக்குத்தான் பவுனை அந்த அறைக்கு விட்டாள், அதுவும் என் பேச்சை நம்பி, இப்போது உன் பதில் வருகிறவரை என்று நீட்டியிருக்கிறாள். அத்தை பெயருக்கு எதிரே பொறுப்பு என்று உன் பெயர்தான் இருக்கிறது, உன் மெயிலை அச்செடுத்து ஃபைலில் வைத்திருக்கிறார்கள், நீ எழுதினால்தான் அதை எடுப்பார்களாம். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ ஒரு மெயில் எழுத வேண்டும். பவுன் செய்தது சரி, அத்தைக்கு ஜுரம் வந்ததற்கு அவள் காரணம் இல்லை, என் அம்மா விசாலம்தான் காரணம் என்று என் பெயரைப் போட்டு எழுது. கம்யூனிகேஷன் கேப் அது இது என்று உங்கள் ஆபீஸ் பாஷையில் பூசி மெழுகாதே. அந்தப் பெண்ணுக்கு இன்னும் இருபது வருஷம் இந்த வேலையில் ஓட வேண்டும், நோயாளி கழுத்தை அமுக்கினவள் என்று ஒரு காகிதம் அவள் பின்னாலேயே போகக் கூடாது.

ஆனால் பவுன் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அத்தை வாயைத் திறக்கவே இல்லை. டம்ளரை உதட்டருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். சனி முழுக்க, ஞாயிறு முழுக்க. நீ போன் செய்தபோது அவள் ஒன்றரை நாளாக ஒரு வாய் இறக்கவில்லை, நான் நன்றாக இருக்கிறாள் என்றேன். ஜூனில் குடித்தவள் இப்போது ஏன் குடிக்கவில்லை என்று பவுனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நம் மனிதர்கள் யாரும் பார்க்கவில்லை என்று பவுனிடம் குடித்தாள். நான் பார்த்துவிட்டேன். பார்த்ததோடு எச்சில் எச்சில் என்று கூடம் அதிரக் கத்தவும் கத்தினேன். எழுபத்து நாலு வயதில் ஒரு மனுஷியை அப்படி அவமானப்படுத்திவிட்டு, இப்போது குடி குடி என்றால்? நான் வெளியே போய் நின்று பார்த்தேன், அப்படியும் இல்லை. மாத்திரை இறங்காததால் உடம்பு விறைத்துக்கொண்டே போயிற்று. திங்கட்கிழமை மத்தியானம் கை விரல்கள்கூட மடங்கவில்லை.

எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரியாததா. உள்ளே போனேன். அந்த டம்ளரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். மோவாயைக் குனிந்து, உதட்டை நன்றாக வைத்து, சத்தம் கேட்க உறிஞ்சி ஒரு வாய் குடித்தேன். இதோ பாருங்கோ அக்கா, முப்பத்தி நாலு வருஷமா உங்களுக்குத் தெரியாம சமையலறைக்குள்ள திரும்பி நின்னுண்டு நான் காப்பியை இப்படித்தான் கடிச்சுக் குடிக்கறேன், தூக்கிக் குடிச்சா எனக்கு ருசியே தெரியறதில்லே, உங்களுக்குப் பயந்துண்டுதான் கூடத்துல தூக்கிக் குடிப்பேன், போறுமா, என்னைத் திட்டறதுக்காவது வாயைத் திறங்கோ என்றேன். மூச்சு வாங்கியது எனக்கு. பவுன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தை என்னையே பார்த்தாள். அந்த வியாதியில் முகம் சிரிக்காது, ஆனால் தோள் குலுங்கியது, இரண்டு தரம் குலுங்கியது. தெரியும்டி என்றாள். நான், என்ன தெரியும் என்றேன். காப்பி, அன்னிலேர்ந்தே தெரியும் என்றாள்.

நடுங்குகிற கையை நீட்டினாள். நான் குடித்த டம்ளரைத்தான் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இருங்கோ அக்கா, அலம்பிண்டு வரேன் என்று எழுந்தேன், அவள் விடவில்லை, விறைத்த விரலை டம்ளர் விளிம்பில் மாட்டிக்கொண்டாள். பவுன் ஓடி வந்து பிடரியில் கையை வைத்தாள். மோவாய் குனிந்தது. என் வாய் பட்ட இடத்திலேயே வாயை வைத்து ஒரு வாய் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது, மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருமல் இல்லை. வாழைப்பழத்தில் வைத்த மாத்திரை, மறுபடி ஒரு வாய். இருமல் இல்லை. மூன்றாவது வாயை அவளே கேட்டாள்.

புதன்கிழமை டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு இப்போதைக்குக் குழாய் வேண்டாம் என்றார். அப்பா போட்ட கையெழுத்துக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், வீட்டுக்கு வந்து எனக்கு அவரே காப்பி போட்டுக் கொடுத்தார், கேவலமாக இருந்தது, குடித்தேன். இது ஆறுகிற வியாதி இல்லை என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். ஒருநாள் குனிந்தாலும் இறங்காத நாள் வரலாம், குழாய்ப் பேச்சு மறுபடி வரலாம். அன்றைக்கு முதலில் அத்தையைக் கேட்க வேண்டும், அவள் சொல்வதைத்தான் டாக்டரிடம் நாம் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நீயும் மனதில் வைத்துக்கொள். நஸ்ரின் இப்போது வாரம் ஒருநாள் வந்து மற்றவர்களையும் பார்க்கிறாள், பார்சிப் பாட்டிக்கு மாத்திரைக்குப் பதில் சொட்டு மருந்தாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஜம்பு மாமா தயிரில் வைத்துக் கொடுத்தால் விழுங்குகிறார், துளசிக்குத்தான் மருந்து நின்றுவிட்டது.

நீ காரோட்டிக்கொண்டே விட்டமின் மாத்திரையை வறட்டு வாயில் போட்டுத் தலையை உதறி விழுங்குகிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அதை இன்றோடு விடு. உட்கார்ந்து, தண்ணீர் வைத்துக்கொண்டு விழுங்கு. அனிருத் பாலை எப்படி வேண்டுமானாலும் குடிக்கட்டும், போன லீவில் நான் தூக்கிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்ததை மறக்கடித்துவிடு. மிளகாய்ப்பொடியும் நார்த்தங்காயும் அடுத்த மாதம் இங்கிருந்து கிளம்புகிற ஒரு பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். என் முழங்கால் அப்படியே இருக்கிறது, அதைக் கேட்காதே. டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, முடிந்தால் முன்னாலேயே வா, அத்தைக்கு இப்போது பேச வருகிறது, அது எத்தனை நாளைக்கு என்று நமக்குத் தெரியாது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஹோமுக்கே போன் செய், நம்மூர்க் கணக்கில் பதினொன்றரைக்குச் செய், மாத்திரை இறங்கி வேலை செய்கிற நேரம். கேள்வியாகக் கேட்டுத் தள்ளாதே, நீ பேசு, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பவுனுக்கான மெயிலை மறக்காதே. தீர்க்க சுமங்கலியாக, நோய் நொடியில்லாமல், நீயும் உன் குடும்பமும் ஆயுசோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

நேற்று கிளம்பும்போது, நாளைக்கு ஸ்ரீலக்ஷ்மிக்குக் கடிதம் எழுதப் போறேன் அக்கா, என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். ஆசீர்வாதம் சொல்லு என்றாள். நான் வாசல்வரை வந்துவிட்டேன், பவுனை விட்டுக் கூப்பிட்டு அனுப்பினாள். திரும்பிப் போய்க் காதைக் கொடுத்தேன். நான் கடிச்சுக் குடிக்கறேன்னு மட்டும் குழந்தைக்கு எழுதிடாதே விசாலம் என்றாள். எழுதமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்து இத்தனையும் எழுதியிருக்கிறேன். என் காப்பியை அவள் முப்பத்து நாலு வருஷம் தெரிந்தும் தெரியாதவளாகவே இருந்திருக்கிறாள். ஸ்ரீ, நீ டிசம்பரில் வந்து அவள் பக்கத்தில் உட்காரும்போது பவுன் தண்ணீர் கொண்டுவருவாள். அந்த நேரம் பார்த்து நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
விசாலம்